தாவரநூற் புலவர் ஹென்றி திரைமன்

நாடோறும் நம் கண்முன் நிற்பனவற்றையே நாம் பெரும்பாலும் அறியாதிருக்கின்றோம். வேலியோரத்துக் கொடிக்கும் குளக்கட்டு மரத்துக்கும் பெயர் உண்டு, குலம் உண்டு, வரலாறும் உண்டு. இலங்கைத் தீவில் அவற்றைத் தேடித் திரிந்து, வகுத்து, தொகுத்து, நூலாக்கி வைத்தவருள் தலைசிறந்தவர் ஹென்றி திரைமன் என்னும் ஆங்கிலேயப் பேரறிஞர். இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவரும் இன்று பயில்வோரும் அவர் வரலாற்றை அறிதல் நன்றெனக் கருதி, யாம் இதனை எழுதப் புகுந்தோம்.

திரைமன் 1843 ஆம் ஆண்டு ஒக்டோபர் 26 ஆந் தேதி இலண்டன் மாநகரிலே பிறந்தார். அவர் தமையனார் ரோலண்ட் திரைமன் வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியிற் புகழ்பெற்று, தென்னாபிரிக்க நூதனசாலையின் காப்பாளராய் விளங்கியவர். இளையவரோ செடிகொடிகளிற் சிந்தை செலுத்தினார். கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1865 இற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இலண்டனில் வாந்திபேதி பரவியபோது ஏழைமக்கள் செறிந்த பகுதியொன்றில் வைத்தியராய்ப் பணிபுரிந்தார். ஆயினும் வைத்தியத் தொழில் அவர் உள்ளத்தைப் பிணிக்கவில்லை.

அதே 1866 இலேதான், நீர்நிலை ஒன்றிலே, வேரும் இலையும் இன்றிக் கடுகினுஞ் சிறிதாய் மிதக்கும் ஒரு பூண்டினை அவர் கண்டெடுத்தார். பூக்குந் தாவரங்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்றாகிய அது பிரித்தானியாவில் உண்டென்பதை அதுகாறும் எவரும் அறிந்திலர். பலர் கடந்துபோன குட்டையிலே ஒருவர் குனிந்து நோக்கினார். அந்நோக்கே அவரைப் பிறரினின்றும் வேறுபடுத்திற்று. தம் ஊர்ப் புறங்களிலெல்லாம் நடந்து சேர்த்த செய்திகளைக் கொண்டு, திசெல்ரன் டயர் என்னும் நண்பரோடு சேர்ந்து, மிடில்செக்ஸ் மாவட்டத்துத் தாவரங்களைப் பற்றிய நூலை 1869 இல் வெளியிட்டார். முன்னையோர் கண்டெழுதியவற்றைத் தேடி ஆராய்ந்து, எவர் எதனை எப்பொழுது கண்டார் என்பதையும் அந்நூலிலே முறையாய்ப் பொறித்தார்.

கிங்ஸ் கல்லூரியின் உடற்கூற்று நூதனசாலைக் காப்பாளராய் 1867 இல் அமர்ந்த அவர், 1869 இல் பிரித்தானிய நூதனசாலையின் தாவரவியற் பகுதியிற் சேர்ந்தார். உலர்ந்த செடிகளை ஒட்டிய தாள்களைப் பேணுவதும், பெயர்களைச் சரிபார்ப்பதும், பிழைகளைக் களைவதுமே ஆங்கு அவர் பணி. புறத்தார்க்கு இது சுவையற்ற வேலையாய்த் தோன்றலாம். ஆனால் காப்பாளன் கை சோர்ந்தால், காடுமேடெல்லாம் அலைந்து கொணர்ந்தவன் உழைப்புப் பூச்சிக்கு இரையாகும். பெயர்ச்சீட்டுத் தவறினால், உள்ள பொருளும் இல்லாததாகும். இப்பணியினூடே, 1872 முதல் 1879 வரை தாவரவியல் வெளியீடு ஒன்றின் ஆசிரியராகவும் இருந்தார். பென்ற்லி என்பாரோடு கூடி மூலிகைகளைப் பற்றி வண்ணப் படங்களுடன் நான்கு பாகங்கொண்ட நூலொன்றையும் ஆக்கினார்.

பேராதனைப் பூந்தோட்டத்தை நெடுங்காலம் நடத்திய துவெயிற்ஸ் ஓய்வுபெறவே, அப்பதவிக்குத் திரைமன் 1879 இல் நியமிக்கப்பெற்று, 1880 இல் இலங்கை வந்தார். கோப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்த காலம் அது. நாட்டுக்கு ஏற்ற பயிர் யாது என்னும் கேள்வி அவர் முன்னே நின்றது. சிங்கோனா முதலிய பயிர்களை ஆராய்ந்தார். 1876 இல் எனரத்கொடையில் நடப்பெற்ற இறப்பர் மரங்களில் 1888 இல் பால்வெட்டிச் சோதனை செய்தார். 1883 இல் அநுராதபுரத்திலும் 1886 இற் பதுளையிலும் கிளைத் தோட்டங்கள் எழுந்தன. பயன்தருந் தாவரங்களுக்கெனப் பேராதனையில் ஒரு நூதனசாலையையும் அமைத்தார்.

எனினும், அவர் உயிரனைய பணி இலங்கைத் தாவரங்கள் அனைத்தையும் விளக்கும் ஒரு கைநூல். ஒல்லாந்தர் காலத்திலே ஹேர்மன் என்னும் வைத்தியர் ஈண்டுச் சேர்த்த உலர்செடிகள் இலண்டன் நூதனசாலையில் இருந்தன. லின்னேயசு 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலுக்கு அவையே அடிப்படை. அவற்றை நுணுகி ஆராய்ந்து, இன்ன செடி இன்னதென 1887 இல் திரைமன் நிறுவினார். பின்னர் 1893, 1894, 1895 ஆம் ஆண்டுகளிற் கைநூலின் முதல் மூன்று பாகங்களும் வெளிவந்தன. பேராதனையிலே தலைமுறையாய்ப் பணிசெய்த த அல்விஸ் குடும்பத்து ஓவியரின் படங்கள் அந்நூலை அணிசெய்தன.

அந்தோ! நூல் வளர வளர ஆசிரியர் உடல் தேய்ந்தது. செவிப்புலன் குன்றிற்று, பின்னர் வாதநோய் பற்றியது. காட்டிலே நடந்த கால்கள் ஓய்ந்தன. கையோ எழுதுதலை விடவில்லை. 1896 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆந் தேதி அவர் இந்நாட்டிலேயே உயிர்நீத்தார். ஐம்பத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாளே இருந்தன. நூலோ குறையாய் நின்றது. எண்பது வயதைக் கடந்த சோசப் ஹூக்கர் என்னும் முதுபெரும் அறிஞர் அப்பொறுப்பை ஏற்று, 1898 இலும் 1900 இலும் எஞ்சிய இரு பாகங்களையும் வெளியிட்டார். திரைமன் தாம் சேர்த்த செடிகளைப் பிறர் விளங்கிக்கொள்ளுமாறு ஒழுங்காய் வைத்துச் சென்றமையாலன்றோ அது இயன்றது! தமக்குப் பின்னும் வேலை நடக்குமாறு வைத்துப் போதலே காப்பாளனுக்கு அழகு.

தமிழாசிரியராகிய யாம் அந்நூலைப் போற்றுதற்கு வேறொரு காரணமும் உண்டு. இலத்தீன் பெயரோடு சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் அதிலே குறிக்கப்பெற்றுள்ளன. பாலை, முதிரை, கருங்காலி என நம் மக்கள் வழங்கிய பெயர்கள் ஓர் ஆங்கிலேயர் நூலிலே காப்புப் பெற்றன. ஒருமுறை மாணவரோடு வன்னிக்குச் சென்றோம். வழியில் நின்ற ஒரு மரத்தைக் காட்டி, இது யாதென ஒரு மாணவன் வினவினான். ஐந்திணையையும் அவற்றின் கருப்பொருளையும் பல்லாண்டு கற்பித்த யாம் வாய்திறந்திலோம். மாடு மேய்த்து நின்ற ஒரு முதியவரே அது பாலை எனக் கூறி, பழத்தின் சுவையும் மரத்தின் உறுதியும் எடுத்துரைத்தார். அன்று நாணினோம். பெயரை ஏட்டிற் கற்பித்து, பொருளைக் காட்டாது விட்ட குற்றம் எம்முடையதே. அதன் பின்னரே திரைமனின் நூலை விரும்பித் தேடினோம்.

அவர் பெயரால் திரைமேனியா என ஒரு தாவரப் பேரினம் வழங்குகின்றது. அவர் நூலின் வழியிலேயே 1980 முதல் திருத்திய பதிப்புப் பல தொகுதிகளாய் வெளிவந்தது. ஆயினும் அவருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு எளியது. மாணவரே, நும் வீட்டு வேலியிலுள்ள செடிகளுள் பத்துக்கேனும் தமிழ்ப்பெயர் கேட்டறிமின். முதியோர் இருக்கும்போதே கேண்மின். கேட்டதை எழுதி வைமின். குனிந்து நோக்குவார்க்கு எக்குட்டையிலும் ஒரு புதுமை உண்டு.