29 பதக்கம் வாங்கினார்... ஆனா ஓவியர்னு ஏத்துக்கல! காட்டுப்பூக்களைத் தேடி அலைந்த எல்லிஸ் ரோவன் யார்?

1916-ம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் நியூ கினி தீவுக்கு ஒரு பெண் கப்பல் ஏறினார். வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒல்லியான, குள்ளமான உருவம். கையில் வண்ணப் பெட்டி, காகிதக் கட்டு. ரோடு கிடையாது, ஆஸ்பத்திரி பக்கத்தில் கிடையாது, கொசு மட்டும் தாராளம். போன காரணம் ரொம்ப சிம்பிள். அங்கே இருக்கும் பூக்களையும், சொர்க்கப் பறவைகளையும் நேரில் பார்த்து வரையணும்.

அந்தப் பெண்தான் எல்லிஸ் ரோவன். ஆஸ்திரேலியாவின் காட்டுப்பூக்களையும் அவை வளரும் புதர்க்காடுகளையும் வாழ்நாள் முழுக்க வரைந்தவர். 3,000-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். சர்வதேசக் கண்காட்சிகளில் 29 பதக்கங்கள். இவ்வளவு இருந்தும், இவர் வரைந்தது ஓவியமா இல்லையா என்ற சண்டை அவர் இறந்த பிறகும் ஓயவில்லை. ஏன்?

யார் இந்த எல்லிஸ் ரோவன்?

மெல்போர்னில் 1848-ல் பிறந்தார். முழுப்பெயர் மரியன் எல்லிஸ் ரயன். அப்பா சார்லஸ் ரயன் வசதியான பண்ணைக்காரர். அம்மாவின் அப்பா ஜான் காட்டன், பறவைகளைப் படித்து வரைந்தவர். பேத்திக்கு அந்தக் கை வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால், முறையாக ஓவியப் பள்ளிக்குப் போய் படித்தவர் இல்லை. தானாகக் கற்றுக்கொண்டதுதான்.

குடும்பம் பின்னாளில் மெல்போர்னுக்கு வெளியே மவுண்ட் மாசிடன் மலைப்பகுதியில் பெரிய தோட்டத்தோடு வீடு கட்டியது. அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமானவர் ஃபெர்டினாண்ட் வான் மூல்லர். விக்டோரியா அரசின் தாவரவியலாளர். ஆஸ்திரேலியச் செடிகளுக்குப் பேர் வைத்து வகைப்படுத்தியதில் முக்கியமான ஆள். பின்னாளில் ரோவன் எங்கே போனாலும் செடியின் மாதிரியை இவருக்கு அனுப்புவார். இது என்ன செடி என்று மூல்லர் சொல்வார். இந்தப் பழக்கம் பல வருஷம் நீடித்தது.

1873-ல் ஃபிரடெரிக் ரோவன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். நியூசிலாந்தில் மாவோரி மக்களுடன் நடந்த போரில் இருந்தவர் அவர். தம்பதி முதலில் நியூசிலாந்தில்தான் குடியிருந்தார்கள். அந்தக் காலத்தில் ராணுவ அதிகாரியின் மனைவிக்கு செய்ய வேலையென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பூக்களை வரை என்று ஊக்கப்படுத்தியவர் கணவர்தான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். 1875-ல் ஒரே மகன் எரிக் பிறந்தான். 1877-ல் குடும்பம் மெல்போர்னுக்கே திரும்பியது.

தஞ்சாவூர் வரைக்கும் வந்த இன்னொரு ஓவியர்

1880-ல் ரோவன் மேற்கு ஆஸ்திரேலியாவின் அல்பனி ஊரில் இருந்தார். அந்தத் தென்மேற்கு மூலை காட்டுப்பூக்களுக்குப் பேர் போனது. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத ஆயிரக்கணக்கான செடிகள் அங்கே மட்டும் வளர்கின்றன. கங்காருவின் பாதம் மாதிரியே சிவப்பும் பச்சையுமாக ஒரு பூ. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நிற்கும் பாங்க்சியா. டிசம்பரில் மஞ்சள் கொட்டியது போலப் பூத்து நிற்கும் ஒரு மரத்தை அங்கே கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அது உண்மையில் பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்து உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி!

அங்கே வந்து சேர்ந்தார் மேரியன் நார்த். இங்கிலாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற தாவர ஓவியர். உலகம் சுற்றி வரைந்தவர். ஆஸ்திரேலியாவுக்கு வருவதற்குக் கொஞ்ச வருஷம் முன்புதான் இலங்கையிலும், பிறகு தஞ்சாவூர், மதுரை உட்பட இந்தியா முழுக்கவும் சுற்றி வரைந்திருந்தார். ஆஸ்திரேலியாவையும் பார்த்துவிடுங்கள் என்று அவருக்கு யோசனை சொன்னது சார்லஸ் டார்வின்.

அல்பனியில் இருவரும் சேர்ந்து பூ தேடினார்கள். ஆயில் பெயின்டிங் எப்படி என்று நார்த் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ரோவனுக்கு அதைவிட முக்கியமான ஒன்று புரிந்தது. ஒரு பெண் தனியாக ஊர் ஊராகச் சுற்றி, செடி வரைவதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் அது. 

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்கணும். நார்த்திடம் சொந்தப் பணம் இருந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் சொந்தச் செலவில் கட்டடம் கட்டி, 800-க்கும் மேற்பட்ட தன் ஓவியங்களை 1882-ல் மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டார். யாரிடமும் கையேந்தத் தேவைப்படவில்லை. ரோவனிடம் அந்த வசதி இல்லை. கடைசி வரை இவரைத் துரத்தியது இந்த வித்தியாசம்தான்.

எப்படி வரைந்தார்?

பெரும்பாலும் வாட்டர் கலர். அதிலேயே கொஞ்சம் கெட்டியான, அடியில் இருப்பது தெரியாத வகை வண்ணம். சாம்பல் மாதிரி நிறம் ஏற்றிய காகிதத்தில் அதைப் போட்டால் வெள்ளைப் பூகூட பளிச்சென்று எழுந்து நிற்கும். வேகமாக வரைவார். பறித்த பூ வெயிலில் அரை மணி நேரத்தில் வாடிவிடும் நாட்டில் வேகம்தான் பிழைப்பு.

தாவரவியல் ஓவியம் என்றால் பொதுவாக வெள்ளைக் காகிதத்தில் ஒரே ஒரு கிளை. பக்கத்தில் விதை, காய், பூவின் உள்பாகம் எல்லாம் தனித்தனியாக. ரோவன் அப்படி வரைவதோடு நிற்கவில்லை. பல ஓவியங்களில் பூவுக்குப் பின்னால் அது வளர்ந்த இடமும் இருக்கும். தூரத்து மலை, புல்வெளி, நீர்நிலை, யூகலிப்டஸ் காடு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தைல மரக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். அந்த மரத்தின் பூவை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்போம்? இதழே இல்லாமல், நூல் நூலாக விரிந்து நிற்கும். ரோவன் அதைத்தான் வரைந்தார்.

இந்தக் கலவைதான் பிரச்னையும் ஆனது. தாவரவியல்காரர்களுக்கு இதில் அழகு கொஞ்சம் ஜாஸ்தி. ஓவியர்களுக்கு இது வெறும் செடி.

1888-ல் என்ன நடந்தது?

ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறி 100 ஆண்டு ஆனதைக் கொண்டாட, 1888-ல் மெல்போர்னில் பெரிய சர்வதேசக் கண்காட்சி நடந்தது. அதில் ரோவனுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

உடனே மெல்போர்ன் ஓவியர்கள் கொதித்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய ஓவியத்துக்கே புது முகம் கொடுத்துக்கொண்டிருந்த தலைமுறை அது. வெட்டவெளியில் நின்று, அந்த நாட்டின் வெயிலையும் புழுதியையும் ஆயிலில் வரைந்த ஆண்கள். பூ வரைவது வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்குக்குச் செய்வது, அதற்கு உயர்ந்த பரிசா என்பது அவர்கள் ஆத்திரம். எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனாலும் பதக்கம் ரோவனிடமே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காட்டுக்குள் போய் வரைவதுதான் உண்மையான ஆஸ்திரேலிய ஓவியம் என்றால், அந்த ஆண்கள் பலர் ரயிலில் போகும் தூரத்தில் கூடாரம் போட்டிருந்தபோது, ரோவன் முதலைகள் இருக்கும் வடக்கு குயின்ஸ்லாந்து வரை போய்க்கொண்டிருந்தார். 

மொத்தத்தில் 1870-களில் தொடங்கி 1893 வரை 10 தங்கம், 15 வெள்ளி, 4 வெண்கலம். இந்தியாவில் நடந்த கண்காட்சிக்கும் இவர் ஓவியங்கள் வந்திருக்கின்றன.

கணவரும் போனார், மகனும் போனான்

1880-களின் கடைசியிலும் 1890-களின் தொடக்கத்திலும் குயின்ஸ்லாந்துக்குப் பல முறை போனார். மழைக்காடு, கடற்கரை, டோரஸ் நீரிணைத் தீவுகள். போகும் இடத்திலிருந்தெல்லாம் கணவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களை வைத்துத்தான் 1898-ல் லண்டனில் ஒரு பயணப் புத்தகம் வெளிவந்தது. சாகசக் கதைகளில் கொஞ்சம் மசாலா தூவியிருக்கிறார் என்பது அவர் வாழ்க்கையை எழுதியவர்களின் கருத்து. தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. பத்திரிகைகளை எப்படிக் கையாள்வது என்று தெரிந்தவர்.

அந்தப் புத்தகத்தில் பழங்குடி மக்களைப் பற்றி வருவது அந்தக் காலத்து வெள்ளையர் பார்வைதான். இன்று படித்தால் பல இடங்களில் உறுத்தும். காட்டுக்குள் வழி காட்டியதும், எட்டாத கிளையிலிருந்து பூவைப் பறித்துக் கொடுத்ததும் பெரும்பாலும் அந்த மக்கள்தான்.

1892-ல் கணவர் ஃபிரடெரிக் நிமோனியாவில் இறந்தார். அதுவரை ஆர்வமாக இருந்த ஓவியம் அதற்குப் பிறகு சம்பாத்தியமும் ஆனது. லண்டனுக்குப் போய்க் கண்காட்சி வைத்தார். விக்டோரியா மகாராணியே அவர் ஓவியங்களை ஏற்றுக்கொண்டார். அடுத்து அமெரிக்கா. அங்கே ஆலிஸ் லவுன்ஸ்பெரி என்ற எழுத்தாளரோடு சேர்ந்து அமெரிக்கக் காட்டுப்பூக்கள், மரங்கள் பற்றிய 3 புத்தகங்களுக்குப் படம் வரைந்தார்.

இதற்கு நடுவில்தான் அந்தச் செய்தி. 1897-ல் மகன் எரிக் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் இறந்துவிட்டான். வயது 22. அம்மா வேறு கண்டத்தில் இருந்தார். அவன் சின்ன வயதில் இருந்தபோதும் அம்மா பாதி நாள் பயணத்தில்தான் இருந்தார். பூவுக்காகக் குடும்பத்தை விட்டவர் என்ற விமர்சனம் இன்றுவரை அவர் மேல் உண்டு. ஓவியம் வரைய வீட்டை விட்டுப் போன ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

ஆஸ்திரேலியா திரும்பியவருக்கு வீட்டில் துணை ஒரு பில்பி. முயல் காது, கூர்மூக்கு கொண்ட சின்ன பாலைவன விலங்கு. அதை வளர்த்து, 1908-ல் அதைப் பற்றியே ஒரு புத்தகமும் எழுதிவிட்டார்.

கடைசி ஓட்டம்

இந்தக் காலத்தில் அவருக்கு ஒரே லட்சியம். ஆஸ்திரேலியாவின் காட்டுப்பூக்களை முடிந்தவரை முழுசாக வரைந்து, அந்தத் தொகுப்பை நாட்டிடம் ஒப்படைக்கணும். ஆட்டுப் பண்ணைக்கும் கோதுமைக்கும் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. குயின்ஸ்லாந்து அரசு 1912-ல் ஒரு பகுதியை வாங்கியது. பிரபலமான ராயல் வூஸ்டர் பீங்கான் நிறுவனம் அவர் ஓவியங்களைத் தட்டுகளிலும் கோப்பைகளிலும் பதித்தது. அதெல்லாம் போதவில்லை. பணமும் போதவில்லை, திருப்தியும் போதவில்லை.

அதனால்தான் நியூ கினி. 1916-ல் ஒரு முறை, அடுத்து 1917-ல் மறுபடியும். அப்போது சொர்க்கப் பறவைகளின் இறகுக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை. பெண்களின் தொப்பியில் வைப்பதற்காகவே கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். தெரிந்த சொர்க்கப் பறவை இனங்களில் பெரும்பாலானவற்றை ரோவன் வரைந்துவிட்டார். பதிலுக்குக் கிடைத்தது மலேரியா. அதிலிருந்து உடம்பு முழுசாகத் தேறவே இல்லை.

1920-ல் சிட்னியில் ஒரு கண்காட்சி. சுமார் 1,000 ஓவியங்கள். ஆஸ்திரேலியா அதுவரை பார்த்த தனிநபர் ஓவியக் கண்காட்சிகளில் இதுதான் பெரியது. கூட்டம் அலைமோதியது. இந்தத் தொகுப்பை அரசு வாங்கணும் என்று பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. எதிர்ப்பும் வந்தது. நார்மன் லிண்ட்சே போன்ற ஓவியர்கள் இது கலையே இல்லை என்று கடுமையாகத் தாக்கினார்கள். விலை அதிகம் என்று நாடாளுமன்றத்திலும் இழுபறி.

முடிவு வருவதற்குள் 1922 அக்டோபர் 4-ம் தேதி மாசிடனில் ரோவன் இறந்துபோனார்.

அடுத்த ஆண்டு, 1923-ல், அரசு 947 ஓவியங்களை வாங்கியது. கொடுத்தது 5,000 பவுண்டு. அவர் எதிர்பார்த்த தொகையைவிட மிகவும் குறைவு. கணக்குப் போட்டால் ஒரு ஓவியத்துக்கு 5 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கப்பல் பயணமோ, குதிரைப் பயணமோ, காய்ச்சலோ இருக்கிறது.

இப்போ எங்கே இருக்கின்றன?

வாங்கியபோது அவற்றை மாட்டி வைக்க ஓர் இடம்கூட இல்லை. புதுத் தலைநகர் கான்பெரா அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. நாடாளுமன்றமே 1927-ல்தான் அங்கே போனது. இதில் இன்னொரு விஷயம். தொகுப்பு கடைசியில் போய்ச் சேர்ந்தது ஓவியக்கூடத்துக்கு இல்லை, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்துக்கு. ஓவியமா, ஆவணமா என்ற பழைய சண்டைக்கு அதிகாரிகள் சத்தமில்லாமல் எழுதிய தீர்ப்பு மாதிரி இருக்கிறது.

ரோவன் இறந்த பிறகு, அவருடைய அபிமானிகளான பெண்கள் சேர்ந்து ஓவியர் ஜான் லாங்ஸ்டாஃபை வைத்து அவர் உருவப்படத்தை வரைய வைத்து நாட்டுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியப் பெண் ஒருவரின் உருவப்படம் தேசியத் தொகுப்பில் இடம்பெற்றது அதுதான் முதல்முறை.

கான்பெரா நூலகம் இப்போது 900-க்கும் மேற்பட்ட அந்த ஓவியங்களை டிஜிட்டலாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மொபைலிலேயே ஒவ்வொரு இதழையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். சில ஓவியங்களின் ஓரத்தில் செடியின் பேரும் அது கிடைத்த ஊரும் கையெழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.