கொல்லன் மகன் உருக்கிய உருக்கு

நம் காலனியில் எந்த வீட்டுச் சமையலறையில் நுழைந்தாலும் முதலிற் கண்ணிற் படுவது எவர்சில்வர்ப் பாத்திரமே. பெயரில் வெள்ளி உண்டேயன்றி, பொருளில் வெள்ளி அணுவளவும் இல்லை. அது இரும்புதான். நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்தமையால் துருப்பிடிக்கும் குணத்தை இழந்து நிற்கும் இரும்பு. புளிக்குழம்பை இரவு முழுதும் வைத்திருந்தாலும் அது கறுப்பதில்லை. இரும்போடு வேறு உலோகங்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் அதன் குணத்தை எவ்வாறு மாற்றுகிறது என்று முறைப்படி ஆராயத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒருவர் மைக்கேல் பாரடே. மின்சார அறிஞர் என்ற அளவில் அவரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1818 முதல் 1822 வரை அவர் உலையருகே நின்று உருக்கோடு போராடிய கதையைப் பேசுவோர் சிலரே. ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்து, ஆலைச் சங்கொலி கேட்டு உறங்கும் நமக்கு அக்கதையே உரியது எனக் கருதி, அதையே இங்கு விரித்துரைக்கப் புகுந்தோம்.

பாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22 அன்று, இலண்டன் மாநகரை ஒட்டிய நியூயிங்டன் என்னும் இடத்தில். தந்தை ஜேம்ஸ், கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி இலண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தின் இடர்கள் யாவும் அக்குடும்பத்துக்கும் நேர்ந்தன. தந்தையின் உடல் நலிந்தது. சம்மட்டி பிடிக்க இயலாத நாட்கள் மிகுந்தன. 1801-இல் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டியே கிடைத்தது. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே அவர் பள்ளியிற் பெற்ற கல்வி.

பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்னும் புத்தகக் கடைக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு புத்தகம் கட்டும் தொழிலைப் பயிலத் தொடங்கினார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதைத் தடுக்காத பெருந்தன்மை முதலாளிக்கு உண்டு. கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அவ்வாறே அவர் கையில் வந்தன. 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், அக்காலத்தில் பெரும்புகழ் வாய்ந்த ஹம்பிரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். கேட்டதையெல்லாம் படங்களோடு எழுதி, தம் கையாலேயே அழகுறக் கட்டி, டேவிக்கே அனுப்பினார் அந்த இளைஞர். 1813 மார்ச்சு மாதத்தில் இராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராக அமர்த்தப்பட்டார். சிறு வாரக் கூலியோடு, மாடியில் இரு அறைகளும், அடுப்புக்கு விறகும், விளக்குக்கு மெழுகுவர்த்தியும் தந்தனர்.

அதே ஆண்டில் டேவியோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார் என்பது வருந்தத்தக்க செய்தி. ஆயினும் 1814-இல் பிளாரன்சு நகரில் கண்டதொரு காட்சி அவ்வருத்தத்துக்கு ஈடு செய்திருக்கும். அந்நாட்டுப் பிரபுவுக்குச் சொந்தமான பெரிய கண்ணாடி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, டேவி ஒரு வைரத்தை எரித்துக் காட்டினார். எரிந்து எஞ்சியது கரியமில வாயுவே. வைரமும் அடுப்புக் கரியும் ஒரே பொருள்; கார்பன் என்னும் அலோகத்தின் இரு வேடங்கள். பென்சிலில் உள்ள காரீயம் என்று நாம் தவறாகச் சொல்லும் கரும்பொருளும் அதுவே. அலோகமாயினும் அது மின்சாரத்தைக் கடத்தும்; வைரம் கடத்தாது. இக்காட்சியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்கு வேலை உண்டு.

1818-இல் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் பாரடேயைத் துணைக்கு அழைத்தார். இவர் கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்வதிற் கைதேர்ந்தவர். இவருடைய உள்ளங்கவர்ந்த பொருள், இந்தியாவிலிருந்து வந்த வூட்ஸ் என்னும் உருக்கு. கன்னடத்தில் உக்கு எனவும் தமிழில் உருக்கு எனவும் வழங்கும் சொல்லே ஆங்கிலேயர் வாயில் வூட்ஸ் ஆயிற்று என்பர். 1795-ஆம் ஆண்டளவில் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய கட்டிகள் இலண்டன் அறிஞரிடையே பெருவியப்பை விளைத்தன. அவ்வுருக்கிற் செய்த கத்தியின் கூர்மைக்கு இங்கிலாந்தின் சிறந்த உருக்கும் ஈடாகவில்லை என்பது ஸ்டோடார்ட்டின் அனுபவம்.

அதைச் செய்தவர்கள் நம் பக்கத்துக் கொல்லர்கள். சேலம் முதலிய பகுதிகளில், உமி கலந்த களிமண்ணாற் குகை செய்து, தேனிரும்புத் துண்டோடு ஆவாரங் கட்டையும் எருக்கிலையும் இட்டு, வாய் மூடி, பல குகைகளை ஒருங்கே உலையில் அடுக்கித் துருத்தி ஊதினர். கட்டையும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பினுட் புகுந்து, நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை கலந்து உருக்காயிற்று. கரி குறைந்தால் வளையும் தேனிரும்பு. மிகுந்தால் உடையும் வார்ப்பிரும்பு. இடைப்பட்ட அளவே உருக்கு. எழுத்தறியாத கொல்லர் இந்த அளவைக் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தனர்.

பாரடே வூட்ஸைப் பகுத்துப் பார்த்தார். அதில் அலுமினியச் சத்து சிறிது இருப்பதாகக் கண்டு, அதுவே வூட்ஸின் இரகசியம் என்று 1819-இல் எழுதினார். அது பிழை. சில ஆண்டுகளுக்குள் பாரிசு நாணயச்சாலையைச் சேர்ந்த பிரேயான், இரகசியம் கார்பனின் அளவிலும், உருக்கு மெல்லக் குளிர்வதிலும் உள்ளது என்று காட்டினார். பிளாரன்சில் வைரம் எரிந்து கரியானதைக் கண்ணாற் கண்ட பாரடே, உருக்கில் அதே கரி செய்யும் வேலையைத் தவறவிட்டார்! பெரியோரும் இவ்வாறு தடுமாறுவதுண்டு. எனினும் கரியல்லாத ஏதோ ஒன்று மிகச் சிறிய அளவில் அதில் இருந்து வேலை செய்கிறது என்ற அவருடைய ஐயம் முற்றும் வீண்போகவில்லை. 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பழைய வாள்களில் ஓடும் அலையலையான கோடுகளுக்கு வனேடியம் போன்ற உலோகங்களின் மிகச் சிறு கலப்பே காரணம் என்று விளக்கியுள்ளனர். அவர் நினைத்த பொருள் அன்று. ஆனால் நினைத்த திசை அதுவே.

பிழையான எண்ணத்திலிருந்தே நல்ல வேலை பிறந்தது. வூட்ஸைப் போல் உருக்குச் செய்ய வேண்டுமெனில், உருக்கோடு வேறு பொருள்களைக் கலந்து பார்ப்பதே வழி என்று இருவரும் துணிந்தனர். இராயல் இன்ஸ்டிடியூஷனில் பெரும் துருத்தியோடு ஓர் உலை எழுந்தது. கொல்லன் மகன் மீண்டும் தந்தையின் உலைக்களத்துக்கே வந்து சேர்ந்தார். பிளாட்டினம், ரோடியம், தங்கம், வெள்ளி, நிக்கல், செம்பு, குரோமியம் என ஒவ்வொன்றும் உருக்கோடு குகையிற் புகுந்தது. வெள்ளி அவர்களை மிகவும் அலைக்கழித்தது. உருகும்போது கலந்தது போலத் தோன்றி, குளிரும்போது முத்து முத்தாக வெளியே வந்துவிடும். ஐந்நூறில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே தங்கியது. அந்தச் சிறு பங்கே உருக்கை மேலும் கடினமாக்கியது. ரோடியம் கலந்த உருக்கு கடினமும் உறுதியும் ஒருங்கே பெற்றது. அவ்வுலோகத்தை ஈந்தவர் வல்லாஸ்டன் என்னும் அறிஞர். இக்கலப்பு உருக்குகளிற் சவரக் கத்திகள் செய்து நண்பர்களுக்கு வழங்கினர். குரோமியத்தை நூற்றுக்கு ஒன்று, மூன்று என்ற அளவிலேயே சேர்த்தனர். துருவை வெல்லப் பத்துப் பங்குக்கு மேல் வேண்டும். அந்த எல்லையை அவர்கள் எட்டவில்லை. 1913-இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி எட்டினார்.

1823-இல் ஸ்டோடார்ட் காலமானார், உலை ஆறியது. அதற்கு முன்னரே, 1821-இல், மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு பாதரசக் கிண்ணத்தில் பாரடே செய்து காட்டியிருந்தார். உடனே ஒரு பழி எழுந்தது: வல்லாஸ்டனின் கருத்தைக் களவாடினார் என்று. உலோகம் ஈந்து உதவியவரின் கருத்தையே திருடினார் என்ற பேச்சு அவரை எவ்வளவு வருத்தியிருக்கும்! அவரே வல்லாஸ்டனை நேரிற் கண்டு பேசினார். அவரும் குறை கூறவில்லை. ஆனால் 1824-இல் இராயல் சொசைட்டியில் பாரடேயைச் சேர்ப்பதை எதிர்த்தவர் அவரை வளர்த்த டேவியே. எதிர்ப்பையும் மீறி அவர் உறுப்பினரானார். டேவியைப் பற்றி இழிவாகப் பேச அவர் ஒருநாளும் ஒருப்பட்டதில்லை.

பின்வந்த வாழ்க்கை யாவரும் அறிந்தது. சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். 1831 ஆகஸ்டு 29 அன்று, தேனிரும்பு வளையத்தில் செப்புக் கம்பிகளைச் சுற்றி, காந்தத்தால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார். உருக்கு காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேனிரும்பு உடனே விட்டுவிடும். இந்த விட்டுவிடும் குணத்தால்தான் தேனிரும்பு அவ்வேலைக்கு ஏற்றதாயிற்று. 1833-இல் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கினார். உலோகங்கள் சூடேறினால் மின்சாரத்தைக் குறைவாகக் கடத்தும். இதுவோ மிகுதியாகக் கடத்தியது. இன்று வானொலிப் பெட்டியிலும் கணிப்பொறியிலும் வேலை செய்யும் குறைகடத்திகளின் முதற் குறிப்பு அதுவே. அடுத்து மின்பகுப்பு விதிகளை வகுத்தார். இத்தனை மின்சாரம் செலுத்தினால் இத்தனை உலோகம் படியும் என்ற கணக்கு அது. கவரிங் நகைமேல் தங்கப் பூச்சும், தண்ணீர்க் குழாய்மேல் குரோமியப் பூச்சும், அலுமினியம் பிரித்தெடுக்கும் ஆலைகளும் அக்கணக்கின்படியே இயங்குகின்றன.

பட்டம் வேண்டாம் என்றார். இராயல் சொசைட்டித் தலைமையும் வேண்டாம் என்றார். முதுமையில் நினைவு தடுமாறியது. 1867 ஆகஸ்டு 25 அன்று தம் நாற்காலியில் அமர்ந்தவாறே மறைந்தார்.

இராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் பெயர் எழுதிய மரப்பெட்டி ஒன்று நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1931-இல் மின்தூண்டலின் நூற்றாண்டு விழா நெருங்கியபோது, அதனுள் இருந்த 79 உருக்குத் துண்டுகளை ராபர்ட் ஹாட்பீல்டு ஆராய்ந்தார். இருப்புப்பாதைகள் பிரியும் இடத்தில் தேயாமல் நிற்கும் மாங்கனீசு உருக்கைக் கண்டவர் அவர். தம் வாழ்நாளெல்லாம் கலப்பு உருக்கிலே செலவிட்ட அம்முதியவர், அத்துண்டுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் சிறிதளவே எடுத்துப் பகுத்து, அதில் இன்னின்ன உலோகம் இத்தனை பங்கு என்று குறித்து, ஒரு நூலாகவே வெளியிட்டார்.