பவானி ஆற்றின் பெயரை மீனுக்கு வைத்த டாக்டர்

ஈரோடு மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது பவானி ஆறு. அதன் பெயரால் ஒரு கெண்டை மீன் இருக்கிறது! விஞ்ஞான நூல்களில் அதன் பெயர் "பொவானிகஸ்". பெயர் வைத்தவர் பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார டாக்டர்.

இவர் 1829ல் இங்கிலாந்தில், சசெக்ஸ் மாவட்டத்தில் பிறந்தார். 1852ல் சென்னைப் பட்டாளத்து டாக்டராக இந்தியா வந்தார். கொச்சியில் வேலை பார்த்தபோது மீன் மோகம் பிடித்துக்கொண்டது. நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் மீன்தான். 1865ல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அப்போது நீலகிரியில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு குறை. தூண்டில் போட டிரௌட் மீன் இல்லை! இங்கிலாந்தில் சிற்றாற்றங்கரையில் தூண்டிலோடு உட்காருவோர், டிரௌட்டையும் சால்மனையும் உயர்ந்த மீன் என்பார்கள். கெண்டை வகை அவர்களுக்கு மட்டம். மீனிலும் ஏற்றத் தாழ்வு!

டிரௌட்டைக் கொண்டுவர டே முயன்றார். பலிக்கவில்லை. நீலகிரியில் அது நிலைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

ஆனால் மட்டம் என்று ஒதுக்கிய கெண்டைகளை டே ஒதுக்கவில்லை. மலை அடிவாரத்துப் பவானியில் கிடைத்த மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். செதில்களை எண்ணினார், துடுப்பு முட்களை எண்ணினார். நீலகிரி மீன்களையும் அடிவாரத்து ஆற்று மீன்களையும் பற்றி 1867ல் எழுதினார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்த அவரது பெரிய நூலில், இந்திய மீன்கள் 1,400க்கு மேல் இடம் பெற்றன. பவானிக் கெண்டையும் அதில் உண்டு.

அதே காலத்தில் இன்னொரு வேலையும் வந்தது. ஆற்றின் குறுக்கே கட்டும் அணைகளால் மீன் குறைகிறதா? அணை கட்டிப் புகழ் பெற்ற ஆர்தர் காட்டனே 1867ல் இதைக் கிளப்பினார். விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் வந்தது. முட்டையிட மேலே ஏறும் மீனை அணை தடுக்கிறது என்று கண்டார். வலைக் கண் சிறிதாக இருந்தால் குஞ்சும் மாட்டிக்கொள்ளும். குஞ்சு போனால் அடுத்த வருஷம் மீனுக்கு எங்கே போவது? 1873ல் கொடுத்த அறிக்கையில் இதையெல்லாம் விளக்கினார். வலைக்குக் கட்டுப்பாடு போட்டால் ஏழை மீனவர் வயிறு என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்தது. அதுவும் நியாயம்தான்.

1877ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார் டே. 1889ல் செல்ட்டன்ஹாம் நகரில் காலமானார். ஆற்றில் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கத் தடை போட்ட சட்டம் 1897ல்தான் வந்தது.

அவர் சேர்த்த மீன்களில் ஒரு பகுதியை 1883ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகம் வாங்கியது.