கடன் சங்கங்களுக்கு வழி வகுத்த சர் பிரெடரிக் நிக்கல்சன்



ஜூபிலி மலர்களில் புனிதர்கள், குருக்களின் வரலாற்றைப் படித்துப் பழகிய நமக்கு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வாழ்க்கை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கடனை நினைத்துக் கலங்காத வீடு எத்தனை? மகள் திருமணத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, உழவு மாட்டுக்கு என்று வாங்கிய பணத்தின் வட்டி, முதலை விழுங்கி வீட்டையும் விழுங்கிய கதைகளை நாம் அறிவோம். அந்நோய்க்கு அரசின் சார்பில் மருந்து தேடியவர் நிக்கல்சன்.

1846-இல் பிறந்த இவர், சிவில் சர்வீஸ் அதிகாரியாகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். 1887-இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு இவர் எழுதியதே. மண், மழை, பயிர், குடியானவன் வரவு செலவு யாவும் அறிந்தவர். தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தை வாட்டிய காலம் அது. பஞ்சம் போயிற்று, கடன் போகவில்லை.

1892-இல், ஐரோப்பிய நில வங்கிகளை ஆராய்ந்து நமக்கேற்ற வழி கூறும்படி சென்னை அரசு இவரைப் பணித்தது. 1895-இலும் 1897-இலும் இரண்டு பெரிய பாகங்களாக அறிக்கை வந்தது. எந்நாட்டிலும் உழவன் கடன் வாங்கியே தீருவான் என்பதை இவர் மறைக்கவில்லை. ஆனால் கேட்டவுடன் கிடைக்கும் மலிவுக் கடனும் ஆளைக் கெடுக்கும் என்று கண்டார். சேமிக்கும் பழக்கத்தோடு சேர்ந்து வரும் கடனே வேண்டும் என்றார். அதற்கு இவர் கண்ட முன்மாதிரி ஜெர்மனியின் ரைபைசன் (1818–1888).

ரைபைசன் ஒரு சிற்றூர் மேயர். 1846–47 பஞ்சத்தில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழி செய்தவர். தருமம் மட்டும் போதாது என்று உணர்ந்து, 1864-இல் கடன் சங்கம் நிறுவினார். ஒரே ஊரார் உறுப்பினர். ஒருவன் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. அடகு வைக்க நகையில்லாதவனுக்கும் நாணயம் இருந்தால் பணம் உண்டு. அவன் நாணயம் அடுத்த வீட்டுக்காரனுக்குத்தானே தெரியும்!

1901-இல் அரசு அமைத்த குழுவில் நிக்கல்சனும் இடம்பெற்றார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. பத்துப் பேர் கூடினால் சங்கம் பதியலாம். அவ்வாண்டே திருவள்ளூர் அருகே திரூரில் ஒரு சங்கம் எழுந்தது. அந்நாளில் நம் ஊர்கள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910-இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தன. 1912-ஆம் ஆண்டுச் சட்டம், கடன் தவிர்த்த தொழில்களுக்கும் சங்கம் அமைக்க இடமளித்தது. திருவில்லிபுத்தூரில் பால்கோவா செய்து விற்கும் பால் கூட்டுறவுச் சங்கம் இவ்வழி வந்ததே. கறவை மாடு ஒன்றிரண்டு வைத்திருப்பவருக்கு அது என்ன உதவி என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் திருச்சபையிலும் இவ்வழி கையாளப்பட்டது. முண்டா மக்களின் நிலம் வட்டிக்காரர் கைக்குப் போவதைக் கண்ட இயேசு சபைக் குரு ஹாப்மன், 1909-இல் ராஞ்சியில் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார்.

குறையும் சொல்ல வேண்டும். நிலமில்லாக் கூலிக்கும் ஜாமீன் கிடைக்காத விதவைக்கும் சங்கத்தின் கதவு எளிதில் திறக்கவில்லை. சங்கப் பணம் நம் பணம் என்ற எண்ணம் போய், சர்க்கார் பணம், தள்ளுபடியாகும் என்ற எண்ணம் வந்ததும் நமக்குத் தெரியும். 1989 முதல் தமிழகத்தில் பரவிய மகளிர் குழுக்களில்தான் பழைய முறை மீண்டும் தழைத்தது: வாரச் சேமிப்பு முதலில், கடன் பிறகு, பொறுப்பு எல்லோருக்கும்.

நிக்கல்சனோ, ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. மாகாண மீன்துறையைச் சம்பளமின்றி ஏற்று, 1918 வரை நடத்தினார். 1907-இல் ஜப்பான் மீன்பிடி முறை பற்றியும் எழுதினார். படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் கடன்பட்டுக் கிடந்த மீனவர்களிடமும் சிக்கனத்தையும் கூட்டுறவையும் வளர்க்க முயன்றார். 1936-இல், தொண்ணூறாவது வயதையொட்டிக் காலமானார்.