மூன்று சிறகு ஆணி

தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போன்றதொரு தலை உண்டு. அதனைத் தண்டுடன் சேர்ப்பது ஒரு குறுகிய கழுத்து. முதியோர் வழுக்கி விழுந்தால் முறிவது அந்தக் கழுத்து, அல்லது அதற்குச் சற்றுக் கீழ். இடுப்பு ஒடிந்துவிட்டது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். நூறாண்டுகளுக்கு முன் அவ்வாறு விழுந்த கிழவி மீண்டும் எழுந்து நடப்பது அரிது. அந்நிலையை மாற்றியவருள் முதல்வராக நான் கருதுவது மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் என்னும் அறுவை மருத்துவரை.

அவர் 1886-ஆம் ஆண்டு நார்வே நாட்டின் கிரிம்ஸ்டட் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். 16 வயதில் அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1914-இல் ஹார்வார்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை அவருடைய களமாயிற்று. ஊரையும் மொழியையும் விட்டுப் படிக்க வந்திருக்கும் நமக்கு இவர்மீது தனிப்பற்று உண்டாவது இயல்பே!

அக்காலச் சிகிச்சை நியூயார்க் மருத்துவர் விட்மன் வகுத்தது: காலை இழுத்து அகற்றி வைத்து, மார்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. வாரக்கணக்கில் அசையாமற் கிடக்க வேண்டும். எலும்பு கூடுவதற்குள் படுக்கைப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் முந்திக்கொண்டன.

ஆணி அறைந்து பொருத்தும் எண்ணம் புதிதன்று. ஜெர்மானியரான லாங்கன்பெக் 19-ஆம் நூற்றாண்டிலேயே முயன்றிருந்தார். ஆனால் உருண்டை ஆணியைச் சுற்றித் தலை சுழன்றுவிடும். 1925-இல் ஸ்மித்-பீட்டர்சன் கையாண்ட ஆணிக்கு மூன்று சிறகுகள். அது சுழல விடாது. எலும்பையும் மிகுதியாகச் சிதைக்காது. 1931-இல் கேவ், வான் கார்டர் இருவரோடும் சேர்ந்து அதனை வெளியிட்டார். ஆயினும் மூட்டைத் திறந்து கண்ணால் பார்த்தே அவர் ஆணியை அறைந்தார். 1932-இல் சுவீடன் நாட்டு யோஹான்சன், ஆணியின் நடுவே துளையிட்டு, எக்ஸ்ரே உதவியால் முதலில் ஒரு கம்பியைச் செலுத்தி, அதன்வழியே ஆணியை ஏற்றினார். சிறு கீறலே போதுமாயிற்று. அறுவை எங்கும் பரவியதற்குப் பாதிப் புகழ் இந்தச் சுவீடன்காரருக்கு உரியது என்பேன்.

அவருடைய மற்றொரு முயற்சி இதனினும் சுவையானது. 1923-இல் ஒரு நோயாளியின் முதுகிலிருந்து கண்ணாடித் துண்டொன்றை எடுத்தபோது, அதைச் சுற்றி வழவழப்பான சவ்வு வளர்ந்திருக்கக் கண்டார். உடனே, இறுகிப்போன இடுப்பு மூட்டில் கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. கவிழ்த்தார், கண்ணாடி உடைந்தது! செல்லுலாயிடு, பைரெக்ஸ், பேக்கலைட் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். உடலின் உப்புநீரில் இருவேறு உலோகங்கள் சேர்ந்தால் மின்கலம்போல் அரிப்பு உண்டாகும் என்பதை 1937-இல் வெனபிள், ஸ்டக் என்போர் காட்டினர். மறு ஆண்டில், பல் மருத்துவர் ஒருவர் சொன்ன யோசனையால், கோபால்ட்டும் குரோமியமும் கலந்த வைட்டாலியம் அவருக்குக் கிட்டியது. ஒரு கிண்ணத்திற்குப் பதினைந்து ஆண்டுகள்! ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதத்தில் சலித்துக்கொள்ளும் எம்மனோர்க்கு இது வியப்பே.

1953 ஜூன் 16-ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய ஆணிக்கும் குறை இருந்தது. முறிந்த முனைகள் கூடும்போது எலும்பு சற்றுக் குறுகும், ஆணி குறுகாது, எனவே பின்னால் நழுவும், அல்லது தலையைத் துளைக்கும். 1950-களில் தோன்றிய நழுவும் திருகாணி அதற்கு விடையாயிற்று. அதனையும் பல மெல்லிய திருகாணிகளையும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2017-இல் வெளிவந்தது. மறு அறுவை தேவைப்பட்ட அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. முதியோருக்குக் கழுத்து முறிந்து விலகிவிட்டால் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அறுந்து தலையே மடியக்கூடும். ஆதலால் பெரும்பாலும் ஆணியை விட்டு உலோகத் தலையையே பொருத்துகின்றனர்.

என் பாட்டிக்கு முறிந்தது கழுத்துக்குக் கீழே. அங்கு இரத்த ஓட்டம் நன்று. எனவே தலையை மாற்றாமல் நழுவும் திருகாணியும் தகடும் வைத்தனர். மறுநாளே கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தினர்.