பலூன் விற்றவர் பந்தய டயர் செய்தார்!

திருவொற்றியூரில் ஒரு கொட்டகை. 1946-ம் ஆண்டு அங்கே ஓர் இளைஞர் பலூன் செய்தார். செய்த பலூனைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைத் தெருக்களில் தாமே அலைந்து விற்றார். அவர்தான் கே.எம். மம்மன் மாப்பிள்ளை. எம்.ஆர்.எப். டயர் கம்பெனியை நிறுவியவர்.

இடிந்த குடும்பம்

அவர் 1922-ல் கேரளத்தில் பிறந்தார். வசதியான குடும்பம். ஆனால் 1938-ல் குடும்பத்தின் பாங்கி மூடப்பட்டது. தந்தை சிறை சென்றார். சொத்தும் போயிற்று. மகன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தரையில் படுத்துத் தூங்கிப் படித்தார்.

பலூனில் எவ்வளவு கிடைக்கும்? 1952-ல் அவர் "டிரெட் ரப்பர்" செய்யத் தொடங்கினார். தேய்ந்த டயர் மேல் ஒட்டும் புது ரப்பர் அது. புது டயர் வாங்க முடியாத லாரிக்காரர்களுக்கு அது உயிர் மாதிரி!

டயர் பிறந்தது

பிறகு அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தார். 1961-ல் முதல் டயர் வெளிவந்தது. அதை வெளியிட்டவர் முதல்-மந்திரி காமராஜர்.

ஆனால் வந்தது சோதனை. அமெரிக்கச் சாலைக்காக வகுத்த டயர் நம் ஊர் வெயிலுக்கும் பள்ளத்துக்கும் அதிக பாரத்துக்கும் ஒத்துவரவில்லை. எதிரே டன்லப், பயர்ஸ்டோன் போன்ற பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள். மாப்பிள்ளை பின்வாங்கவில்லை. திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் எழுப்பினார். 1963-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. டயரைத் தூக்கி நிற்கும் பயில்வான் படம் 1964-ல் வந்தது.

பந்தயம் எதற்கு?

வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில், அந்நாளில் கார்ப் பந்தயம் அமர்க்களப்பட்டது. 1980-களில் எம்.ஆர்.எப். கம்பெனியும் பந்தயத்தில் இறங்கியது. வெறும் விளம்பரமா? விளம்பரமும் உண்டு, மறுப்பதற்கில்லை.

சமதளத்தில் ஓடும் பந்தய டயர் மெதுவான ரப்பர். பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. அதை அப்படியே டாக்சிக்கு மாட்டினால் டிரைவர் சீக்கிரமே கடைக்கு ஓட வேண்டியதுதான்! ஆனால் "ராலி" பந்தயம் வேறு. கல், குழி, சேறு எல்லாம் உண்டு. கூர்மையான கல் டயரின் பக்கத்தைக் கிழிக்கும். வேகத்தில் ரப்பர் கொதிக்கும். சாதாரண டயரில் பல மாதம் கழித்துத் தெரியும் பலவீனம் அங்கே ஒரே நாளில் தெரிந்துவிடும். எந்த ரப்பர் கலவை தாங்குகிறது, எந்த நூல் அறுகிறது என்று என்ஜினீயர்கள் பார்த்துத் திருத்துவார்கள். நம் கிராமத்துப் பாதைக்கு இந்தப் பாடம்தான் தேவை.

மாப்பிள்ளைக்கு 1992-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 2003-ல் காலமானார். 2022-ல் ஐரோப்பிய ராலி பந்தயத்தில் சாம்பியன் பட்டம் வென்ற கார், எம்.ஆர்.எப். டயரில் ஓடிய கார்!