பாவத்துக்கு இணங்காத அருளானந்தர்

நமது உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. பெரும் பாவங்கள் செய்தவரின் பெயரை ஓலையில் எழுதலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. பாவத்தில் நிலைத்திருப்பவர் பிறரை நடத்திச் செல்லத் தகுதியற்றவர் என்பதை நம் ஊர் முன்னோர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். தாம் பாவத்தை விலக்கியதோடு நில்லாமல், பிறர் பாவத்துக்கும் துணைபோக மறுத்து உயிர் துறந்த ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே புனித அருளானந்தர்.

ஜான் டி பிரிட்டோ என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தார். ஒரு சமயம் அவர் கடும் நோயுற்றபோது, மகன் பிழைத்தால் ஓராண்டுக் காலம் இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாக அவருடைய அன்னை புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். நோய் நீங்கியது. பட்டாடைகள் மின்னும் அரண்மனையில் அந்த எளிய அங்கியுடனேயே உலவினார் சிறுவர். உடன் இருந்தோர் செய்த கேலியையும் பொறுத்துக்கொண்டார். 1662-இல் அவர் இயேசு சபையிலேயே சேர்ந்தார்.

1673-இல் குருப்பட்டம் பெற்றுக் கோவாவுக்கு வந்த அவர், மறு ஆண்டு மதுரை மிஷனை அடைந்தார். தமிழ் கற்றார், காவி உடுத்தினார், புலால் நீத்தார், அருளானந்தர் என்ற பெயரும் பூண்டார். 1686-இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டுக் கொடிய வேதனைகளை அனுபவித்தார். இனி அந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையுடன் சேதுபதி மன்னர் அவரை விடுவித்தார். பின்னர் அவர் சபைக் காரியமாக லிஸ்பனுக்குச் சென்றார். அப்போது மன்னராயிருந்த பழைய தோழர் அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அருளானந்தர் இணங்கவில்லை, 1690-இல் இந்தியா திரும்பினார்.

மறவர் நாட்டு அரச குடும்பத்தவரான தடியத் தேவர் நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவரின் செபத்தால் குணமடைந்த அவர், ஞானஸ்நானம் பெற விரும்பினார். ஆனால் அவருக்கு மனைவியர் பலர். ஒரு மனைவியுடன் மட்டுமே வாழ வேண்டுமென்று அருளானந்தர் உறுதியாகக் கூறினார். செல்வாக்கு மிக்க மனிதராயிற்றே என்று அவர் கண்டும் காணாமல் இருந்திருந்தால், மிஷனுக்குப் பெரிய ஆதரவு கிடைத்திருக்கும். அவர் உயிருக்கும் ஆபத்து நேர்ந்திராது. ஆனால், அவர் பாவத்தை ஆசீர்வதித்தவர் ஆகியிருப்பார். பார்த்த மக்களும் அதைப் பாவமல்ல என்று எண்ணியிருப்பர். இதுவன்றோ துர்மாதிரிகை!

தடியத் தேவர் மூத்தவரை மட்டும் மனைவியாகக் கொண்டு, மற்றவர்களைச் சகோதரிகளாகப் பாதுகாப்பதாக வாக்களித்தார். 1693 ஜனவரியில் அவருக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. விலக்கப்பட்டவர்களுள் இளையவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் மனம் நொந்து மன்னரிடம் முறையிட்டார். பெண்களாகிய நமக்கு அவருடைய துயரமும் புரியாமலில்லை. ஒருவர் செய்யும் தவறு, அத்தவற்றில் பங்கில்லாதவரையும் கண்ணீர் விடச் செய்கிறது என்பதை அவர் கதை நமக்குக் காட்டுகிறது.

அருளானந்தர் சிறைபிடிக்கப்பட்டு ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில் கரியை மையாக்கிக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு வேதசாட்சியானார். 1947 ஜூன் 22-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் பட்டத்துக்கு உயர்த்தினார். இரத்தம் சிந்திய ஓரியூரின் செம்மண்ணை மக்கள் இன்றும் பக்தியுடன் எடுத்துச் செல்கின்றனர்.

தோழியரே! நமக்கு வாள் முனையில் சோதனை வருவதில்லை. தேர்வில் தோழி நம் தாளைப் பார்க்கத் தலையசைக்கும்போதும், ஒருத்தியைப் பற்றிய புறங்கூறலுக்குச் சிரித்துக் காது கொடுக்கும்போதும் வருகிறது. வேண்டாம் என்று சொன்னால் நட்பு போய்விடுமோ என அஞ்சுகிறோம். தோழியைத் தீமையில் தள்ளும் இரக்கம் இரக்கமாகாது. நாமும் தீமையை விலக்கி, பிறர் தீமைக்கு ஏதுவாகாமல் வாழ அருளானந்தரின் துணை வேண்டுவோமாக!